நீட்டிய விரல்கள்

"வீட்டுல யாராவது சத்தம் போடுவாங்களா?" என்று மகள் ஆதிரையின் ஒன்றாம் வகுப்பு டீச்சர் கேட்டபோது, "அவங்க அப்பாவுக்குக் கொஞ்சம் பெரிய தொண்டை, மிஸ்" என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள் தேன்மொழி. "அதுக்காக ரத்தம் வர்ற அளவுக்கா பிள்ளை நகத்தைக் கடிக்கும்?" என்று டீச்சர் கேட்டது வீடுவரை கூடவே வந்தது. அவள் அதைச் சொன்னதும் கணவன் பாஸ்கரன் எரிந்து விழுந்தான். "எல்லாம் நீ குடுக்கிற செல்லம்." வேப்பெண்ணெயை எடுத்துவந்து ஆதிரையின் விரல்களில் தடவினான். "இனி வாயில வச்சா சூடுதான்."

அன்றிலிருந்து தினமும் தடவினான். நகம் வளரவில்லை. கசப்புதான் குழந்தைக்குப் பழகிப்போனது.

இன்று வாசலில் அவன் வண்டி நிற்கும் சத்தம் கேட்டதுமே ஆதிரை பொம்மையைக் கீழே வைத்தாள். தானே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, விரல்களை விரித்து நீட்டியபடி கூடத்தில் உட்கார்ந்தாள். உள்ளே வந்த பாஸ்கரன் அதைப் பார்த்துவிட்டு, சமையலறை வாசலில் நின்ற தேன்மொழியிடம் சிரித்தான்.

"பாத்தியாடி, பயம் இருந்தாத்தான் எதுவும் வழிக்கு வரும்."

ஆதிரை அம்மாவைத் திரும்பிப் பார்த்து, ரகசியம்போலச் சொன்னாள்: "நீ உள்ள போயிரும்மா. அப்பாவை நான் பாத்துக்கறேன்."

தேன்மொழி உள்ளே போகவில்லை. மகளின் விரல்களைத் தன் முந்தானையில் பொத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நெஞ்சுக்குள்ளேயே கிடந்ததை, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"நீங்க இந்த வீட்டை விட்டுப் போயிடுங்க."