பின்னால் ஒரு பேட்டரி

ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள போர்ட் அகஸ்டாவில் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் கார்த்திடம், லின்ட்சேயும் அவர் மனைவி பெவர்லியும் தங்கள் எஸ்யூவியைக் கொண்டுவந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது.

“வண்டிக்குப் பின்னாடி ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், ஃபேன், படிக்கிறதுக்கு லைட்டு, எல்லாம் ஓடணும் தம்பி,” என்றார் பெவர்லி.

“பின்னாடி தனியா ஒரு பேட்டரி வச்சிடறேன். இன்ஜின் ஓடும்போது அது தானா சார்ஜ் ஆகிக்கும்.”

“இன்ஜினே ஓடலைன்னா?”

வண்டி வழியில் நின்றுவிடுமோ என்று பெவர்லி பயப்படுகிறார் என நினைத்தான் கார்த். “ரெண்டு நாள் தாங்கும். கூரைல சோலார் தகடு போட்டுட்டா கவலையே இல்லை.”

“போட்டுடுங்க. பின்கதவை உள்ளேயிருந்து பூட்டுற மாதிரியும் பண்ணிடுங்க,” என்றார் லின்ட்சே.

வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது கார்த்துக்கு மனசு கேட்கவில்லை.

“பாலைவனத்துல ஃபோன் சிக்னல் கிடைக்காதுங்க. எங்க போறீங்கன்னு வீட்டுல சொல்லிட்டுப் போங்க.”

“பாலைவனம்னுதான் மகன்கிட்ட சொல்லியிருக்கோம்.” பெவர்லி குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு வாரம் தங்கறேன்னு வந்தான். பொண்டாட்டி, பிள்ளைங்க, ஒரு டிரம் செட்டோட வருஷக்கணக்கா எங்க வீட்டுலயே இருக்கான். போன்னு சொல்லவும் மனசு வரலை, தூக்கமும் வரலை.”

“அப்போ நிஜமா எங்கதான் போறீங்க?”

லின்ட்சே கடையின் பின்பக்கத்துக் காலி இடத்தைக் காட்டினார்.

“அங்க ஒரு மாசம் நிறுத்திக்கலாமா தம்பி?”