யாரைக் கூப்பிட்டாள்

காக்காயைப் பார்த்துத்தான் முதலில் சொன்னாள்.

"அப்பா."

அவன் இடுப்பில் உட்கார்ந்திருந்தாள் ஆதிரை. ஒன்றரை வயது. அதுவரை வார்த்தை என்று ஒன்றும் வந்ததில்லை.

"என்னம்மா," என்றான் அவன்.

பிறகுதான் அவள் விரல் நீண்டிருந்த திசையைக் கவனித்தான். பால்கனிக் கம்பியில் காக்காய் தலையைச் சாய்த்து நின்றது.

"அப்பா," என்றாள் மறுபடியும், அதனிடம்.

அடுக்களையில் மிக்ஸி நின்றது. கோகிலா வெளியே வரவில்லை. சற்று நேரம் கழித்து மிக்ஸி மீண்டும் ஓடியது.

சாயங்காலத்துக்குள் மிக்ஸியும் அப்பா ஆகிவிட்டது. மின்விசிறி, தண்ணீர் கேன் போடுகிறவர், எதிர்வீட்டுப் பூனை. அவனுடைய இடது செருப்பு. வலது செருப்பு இல்லை.

அவனைப் பார்த்தும் ஒருமுறை சொன்னாள். குளிக்கும்போது, சோப்பு நுரையோடு அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

மூக்கைச் சொன்னாளா, அவனைச் சொன்னாளா?

வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஆறிப்போனது.

போன ஆவணியில்தான் அவனுக்கும் கோகிலாவுக்கும் கல்யாணம். ஆதிரையின் தகப்பன் தினகரன், அவள் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டவன், ஹாலில் படமாக இருந்தான். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அந்தப் படத்துக்கு ஆணி அடித்தது இவன்தான்.

குழந்தை இவனை என்னவென்று கூப்பிடுவது என்பதை மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தினமும் பேச நினைத்தார்கள். தினமும் குழந்தை எதையாவது கொட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோகிலா போனை வைத்துவிட்டு வந்தாள்.

"மாமா வர்றாருங்க. கோபில பஸ் ஏறிட்டாராம்."

தினகரனின் தந்தை. கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கூப்பிடும்போதெல்லாம் "பார்க்கலாங் கண்ணு" என்று சொல்லி வைத்துவிடுவார்.

"அவரு முன்னாடி பாப்பா உங்கள அப்பான்னு சொல்லிட்டா என்னங்க பண்றது?"

"காக்காயைச் சொன்னா பரவால்லையா?"

இருவரும் சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

பெரியவர் வந்தார். செருப்பைச் சுவரோரமாக விட்டார். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டபோது "இருக்கட்டுங்க தம்பி" என்றார். அதற்குமேல் அவனிடம் பேசவில்லை.

பையிலிருந்து ஒரு மஞ்சள் கவுனை எடுத்தார். ஆதிரையின் தலை அதற்குள் நுழையவில்லை. அவர் கடைசியாகப் பார்த்தபோது அவள் இருந்த அளவுக்கு எடுத்தது. அவர் அதை மடித்து மறுபடி பைக்குள் வைக்கப் போனார். கோகிலா கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

பேத்தியை மடியில் ஏற்றிக்கொண்டார். அப்பாவின் அப்பாவை அந்தப் பக்கம் அப்பாரு என்பார்கள்.

"எங்க, அப்பாரு சொல்லு சாமி."

ஆதிரை அவர் மீசையை ஆராய்ந்தாள்.

"அப்பா."

"அப்பா... ரு."

"அப்பா."

பெரியவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவரை அந்தச் சொல்லால் கூப்பிட ஒருவன்தான் இருந்தான்.

இவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த ஹாலில் மூன்று பேருக்கு அந்தச் சொல் பொருந்தும். ஒருவன் சுவரில். ஒருவர் நாற்காலியில். மூன்றாமவனைப் பற்றி அவனுக்கே உறுதியில்லை.

தயிர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தான். வீட்டில் தயிர் இருந்தது.

ஆதிரை மடியிலிருந்து நழுவி இறங்கினாள். வாய் நிறைய வாழைப்பழம். தள்ளாடி வந்து அவன் முட்டியைப் பிடித்தாள். வாய்க்குள் விரல்விட்டு, மென்றதைத் தோண்டி எடுத்து, அவன் உதட்டில் வைத்து அழுத்தினாள்.

தினமும் நடப்பதுதான். வாயைத் திறந்தான். விழுங்கினான். அவள் மறுபடி தோண்டினாள். அதையும் விழுங்கினான். அவள் கைதட்டினாள். பிசுபிசுத்த கையால் அவன் கன்னத்திலும் தட்டினாள். அவன் சத்தமாகச் சிரித்துவிட்டான்.

பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டான், கேட்காமல் எடுத்துத் தின்றவன் போல.

பெரியவர் கைகழுவிவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். மோர் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். கோகிலாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கிளம்பும்போது வாசலில் நின்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அவள் அவர் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு இறங்க மறுத்தாள். லிப்ட் வந்து, காத்திருந்து, போய்விட்டது.

"கொடுங்க மாமா," என்று கோகிலா கைநீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. குழந்தையின் முதுகை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார். கண்களை மூடித் திறந்தார்.

பிறகு அவளைத் தோளிலிருந்து பிரித்து, முன்னால் நீட்டினார்.

"அப்பாகிட்டப் போ சாமி."

அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

பின்னால் யாரும் இல்லை.