மலைப்பக்கத்துக் கல்லூரி

"அந்த ஊரில ஒரு ஷொப்பிங் மோல் கூட இல்லை அப்பா. கூகிளில பாத்தனான், எங்க பாத்தாலும் மரம்தான்."

மேனுஜா மடிக்கணினியைத் துஷாந்தன் பக்கம் தள்ளினாள். வளைகுடா நகரத்தின் அல் குசைஸ் பகுதியில் அவர்களுடைய ஃபிளாட்டில் சனிக்கிழமை மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பரிமாற வேண்டிய துஷாந்தன் அகப்பையும் கையுமாகத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விண்ணப்பித்த இரண்டு மருத்துவக் கல்லூரிகளுமே இடம் கொடுத்துவிட்டதுதான் பிரச்சினை. ஒன்று அமெரிக்கப் பெருநகரத்தில், பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரிகிற கல்லூரி. மற்றது கென்டக்கி மலைப்பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி. கிராமங்களுக்குக் குடும்ப மருத்துவர்களை உருவாக்குவதுதான் அதன் நோக்கமே. எது என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். துஷாந்தனின் மனைவி சுகந்தாவுக்கு நியூ ஜெர்சி அக்கா எப்போதோ போட்ட ஸ்பொன்சர் இப்போதுதான் பலித்து, மூன்று பேருக்கும் விசா வந்திருந்தது. எந்தக் கல்லூரியோ, அந்த ஊரில்தான் குடும்பமே குடியேறும்.

துஷாந்தனின் வாக்கு பெருநகரத்துக்குத்தான். கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்காளனாக இருக்கும் அவன், ஆஸ்டியோபதி என்று அலுவலகத்தில் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டுப் பட்ட பாடு கொஞ்சமல்ல. எலும்புக்குக் கட்டுப் போடுகிற படிப்பா என்று ஒருவர் கேட்டார். மசாஜா என்று இன்னொருவர். அதுவும் முழு மருத்துவப் படிப்புத்தான், மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், அதற்குமேல் நோயாளியைக் கையால் தொட்டு உணர்ந்து பார்க்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அவன் விளக்கி முடிப்பதற்குள் டீ பிரேக் முடிந்துபோனது. காண்கிறவர்களுக்கெல்லாம் இப்படிப் பாடம் நடத்திக்கொண்டா திரிய முடியும்?

பெருமை அடித்துக்கொள்ள அவனுக்கும் உரிமை உண்டு. இரண்டு மூன்று வருடமாக அந்த வீட்டில் டிவி சத்தம் கேட்டதில்லை. அம்மாவும் மகளும் இதே மேசையில் புத்தகங்களைப் பரப்பிவைத்துக் கேள்வியும் பதிலுமாக இருப்பார்கள். சமையல் அவன் தலையில் விழுந்தது. நுழைவுத்தேர்வு முதல் தடவை கைநழுவிப் போனபோது வீடு இழவு வீடு மாதிரிக் கிடந்தது. இரண்டாம் தடவை வெளுத்து வாங்கியாயிற்று. இவ்வளவும் மரம் பார்க்கவா?

"இஞ்சேரும், பெரிய கொலிஜையே எடுப்பம்," என்றான் மனைவியிடம். "நாலு சனத்துக்குச் சொல்லேக்க ஒரு மதிப்பு இருக்கும்தானே."

சுகந்தா தொழிலாளர் கேம்ப் ஒன்றின் கிளினிக்கில் நர்ஸ். அதிர்ந்து பேசத் தெரியாதவள். அன்று பேசினாள்.

"எங்கட கிளினிக்குக்கு வாற பெடியளை நீங்கள் பாத்ததில்லை. மாசக்கணக்கா முதுகு நோகுது எண்டு வருவாங்கள். ஒருத்தரும் அந்த முதுகில கைவச்சுப் பாக்கிறேல்ல. பனடோல் குளிசையைக் குடுத்து அனுப்புறதுதான். சண்டை நேரம் வன்னியில இடம்பெயர்ந்து திரியேக்க அதைக் குடுக்கவும் ஆள் இல்லை. டொக்டர் இல்லாத ஊர் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். இந்தக் கொலிஜ் அப்பிடியான ஊருகளுக்கு எண்டே படிப்பிக்குது."

"அப்ப என்ர விருப்பம்?" என்றாள் மேனுஜா. "என்ர ஃபிரெண்ட்ஸ் எல்லாம் சிரிப்பினம் அம்மா."

சுகந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளின் கையைப் பிடித்து, பிடிக்காவிட்டால் வேண்டாம், பெருநகரத்துக்கே போகலாம் என்று மெல்லச் சொன்னாள்.

ஒரு டீ பிரேக்குக்குப் பயந்தா இத்தனை வாதம் செய்தோம் என்று துஷாந்தனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. மலைப்பக்கத்துக்கே போவோம் என்று அவன் வாய் திறப்பதற்குள் மேனுஜா முந்திக்கொண்டாள். தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தவள், கணினியைத் தன் பக்கம் இழுத்து, மலைப்பக்கத்துக் கல்லூரிக்குச் சம்மதம் என்று ஒரே அமுக்காக அமுக்கிவிட்டாள்.

"வைஃபையாவது இருக்கும்தானே," என்றாள்.

அதற்குமேல் துஷாந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிர் ஃபிளாட் கதவைத் தட்டினான். கீழக்கரைக்காரி பத்ருன்னிசா வந்து திறந்ததும், தன் வீட்டில் ஒரு டொக்டர் வரப்போவதை, ஆஸ்டியோபதி என்ற சொல்லை ஓர் எழுத்துக்கூட விழுங்காமல், அந்தச் சிற்றூரின் பெயரோடு சேர்த்து உரக்கச் சொன்னான்.

பத்ருன்னிசா ஓடிவந்து மேனுஜாவைக் கட்டிக்கொண்டாள். "மாஷா அல்லாஹ். பெத்தவங்க பட்ட பாட்டுக்கு நம்ம புள்ள டாக்டராவப் போவுது."

மேனுஜா சிரித்தபடி அந்தப் பிடியிலிருந்து நழுவி, சுவரோரம் கூச்சத்தோடு நின்ற சுகந்தாவை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"நான் இன்னும் பத்தாம் வகுப்பு அன்ரி. டொக்டருக்குப் படிக்கப் போறது எங்கட அம்மா."