இருநூறு பக்கத்துக்கு ஒரு உச்சு

ஒரு மகளிர் விடுதி அறையின் கூரையில் செவந்தி, மொட்டைவால் என்று ஒரு பல்லி ஜோடி இருந்தது. கீழே ஒரு பெண் கட்டிலில் படுத்து நாவல் வாசிப்பாள். மேலே தலைகீழாகத் தொங்கியபடி செவந்தியும் கூடவே வாசிப்பாள். உண்மையைக் கேட்டால் உச்சுக் கொட்டுவது பல்லிகளின் கடமை. இந்த நாவலிலோ இருநூறு பக்கம் தாண்டியும் அவளுக்கு அந்த வேலையே வரவில்லை. தொண்டை அடைத்துப்போய்க் கிடந்தது.

"கேட்டியா கூத்தை? தாத்தா சொத்துக்காக ஆறு மாசத்துக்கு மட்டும் கல்யாணமாம். பத்திரத்துல கையெழுத்து வேற. அஞ்சாம் மாசம் மழையில நனைஞ்சதும் காதல் வந்துடுச்சாம். இதையெல்லாம் எவ நம்புவா?"

பூச்சியை மென்றுகொண்டே மொட்டைவால் சொன்னான். "நாமளும் இந்த டியூப்லைட்டுக்காகத்தானே கட்டிக்கிட்டோம்? ஆளுக்குப் பாதி வெளிச்சம், லைட்டு போனா அவங்கவங்க வழின்னு பேச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன். நாலு வருஷமாச்சு. என்ன காதல் வந்துச்சு?"

அந்த நேரம் பார்த்து டியூப்லைட் இரண்டு தரம் மினுக்கிவிட்டு ஒரேயடியாக அணைந்தது. கீழே அந்தப் பெண் புத்தகத்தை மூடினாள்.

"சரி, பேசினபடி நான் பக்கத்து ரூமுக்குக் கிளம்புறேன். இங்க எனக்குன்னு ஒண்ணும் இல்ல" என்றாள் செவந்தி.

அவன் உச்சுக் கொட்டுவான் என்று காத்திருந்தாள். சத்தமே இல்லை.

"ஏன், கொட்ட மாட்டியா?"

"உண்மையா இருந்தா கொட்ட மாட்டேனா?"

இருநூறு பக்கமாக அடைத்துக் கிடந்த உச்சு, செவந்தியைக் கேட்காமலேயே வெளியே வந்துவிட்டது.