பல் தெரிந்த படம்

அழகரத்தினம் சேர் சுடுகோப்பியை ஸ்ட்ரோ போட்டுத்தான் குடிப்பார்.

"கோப்பி பல்லில படக்கூடாது சர்மிலா. ஒருக்காக் கறை பிடிச்சா லேசில போகாது. நாளைக்கு வெள்ளைக்காரர் வந்தா இந்த வாயாலதானே சிரிக்கோணும்?"

"ஓம் சேர்," என்றாள் சர்மிலா.

போன கிழமை அவருக்கு நாக்குச் சுட்டுப் புண்ணாகியிருந்தது. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தத் தொண்டு நிறுவனத்தின் அலுவலகம் களுவாஞ்சிக்குடியில் இருந்தது. கடல் ஊருக்குள் வந்துபோய் ஏழு மாதம். தொழிலை இழந்தவர்களுக்கு வாழ்வாதார உதவி கொடுக்க அன்று ஆள் தெரிவு. கேள்வி கேட்பது சேர். படிவம் நிரப்புவதும் படம் எடுப்பதும் சர்மிலா.

ஐந்தாவதாக வந்தவள் களுதாவளை அன்னப்பூரணி. கையில் ஒரு சின்னப் போத்தல்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"கோப்பி அரைக்கிற மெசின் ஒண்டு சேர். கோப்பி வறுத்து, இடிச்சு, கடைகளுக்குக் குடுத்துத்தான் சீவிச்ச நாங்க. உரல், உலக்கை, தாச்சி எல்லாம் கடலோட போயிற்று. பிள்ளையள்ற அப்பாவும்தான்."

"இப்ப என்ன செய்றீங்க?"

"இரவல் உரலில இடிக்கிறன். உரல்காரிக்கு மனம் நல்லா இருந்தாத்தான் அண்டைக்கு எங்கட அடுப்பெரியும்." போத்தலை மேசையில் வைத்தாள். "இது நான் இடிச்ச தூள். மல்லியும் வேர்க்கொம்பும் போட்டிருக்கன். ஊத்திக் குடிச்சுப் பாருங்க சேர்."

சர்மிலா கோப்பி ஊற்றி வந்தாள். சேர் ஸ்ட்ரோவை விட்டு உறிஞ்சினார். கண்ணை மூடினார்.

"ம்... கோப்பியெண்டா இதுதான் கோப்பி!"

அன்னப்பூரணி சந்தோசத்தில் சிரித்துவிட்டாள்.

சேர் அவள் வாயையே பார்த்தார். "பல்லு என்ன இப்பிடி வெள்ளை? நீங்க கோப்பி குடிக்கிறல்லையா?"

"நாளைக்கு அஞ்சாறு தரம் குடிப்பன். ருசி பார்க்காம ஆக்களுக்கு விக்க ஏலுமா சேர்?"

"அப்ப கறை?"

"குடிச்ச கையோட ஒரு வாய் பச்சத்தண்ணி விட்டுக் கொப்புளிச்சுப்போடுவன். விடியக்காலையில உமிக்கரி. வேற என்ன செய்ற?"

சேர் பேனையை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அன்று முழுவதும் அவர் எழுதிய குறிப்பு அது ஒன்றுதான்.

அடுத்து படம்.

"சிரிக்காதீங்க! இது உதவிக்கு எடுக்கிற படம், கலியாணப் படமில்ல. பல்லுத் தெரியக்கூடாது. கொஞ்சம் கவலையா நில்லுங்க."

அன்னப்பூரணிக்குக் கமராவைக் கண்டாலே வெட்கம். வெட்கம் வந்தால் சிரிப்பும் வந்துவிடும். முதல் படத்தில் பல் முழுக்கத் தெரிந்தது. இரண்டாவது படத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண் சிரித்தது.

அவள் படியிறங்கிப் போனதும் சேர் சொன்னார்: "இவட பேரை வெட்டுங்க."

"சேர், பாவம் அந்த மனிசி. புருசனும் இல்ல..."

"பல்லைப் பார்த்தீங்கதானே? கஷ்டப்பட்ட ஆள் இப்பிடிப் பளிச்செண்டு சிரிக்குமா? இந்தப் படத்தை அனுப்பினா வெள்ளைக்காரர் எதைப் பார்த்து இரங்குற? உங்களுக்கு இந்த வேலை விளங்காது சர்மிலா."

சர்மிலா பேரை வெட்டினாள். போத்தலைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனார்கள். சேர் ஒரு கிழமையில் அதைக் குடித்து முடித்தார். ஸ்ட்ரோ இல்லாமல்தான். குடித்ததும் விறாந்தைக்குப் போய் ஒரு வாய் தண்ணி விட்டுக் கொப்புளிப்பார்.

"நான் கண்டுபிடிச்ச வழி," என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

மார்கழியில் புதுவருடக் கலண்டர் வேலை வந்தது. உதவி பெற்றுச் சிரிக்கிற ஒரு முகம் வேண்டுமென்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். சேர் உதவி பெற்றவர்களின் இருநூறு படங்களைப் புரட்டினார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர்தான் ஒருவரையும் சிரிக்க விடவில்லையே.

"இந்த ஒரு படம் இருக்கு, அச்சுக்கு அனுப்புங்க," என்று கடைசியில் வேறொரு கட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிப் போட்டார்.

சர்மிலா படத்தைப் பார்த்தாள். சேரின் முகத்தைப் பார்த்தாள். அனுப்பினாள்.

தை மாதம் அன்னப்பூரணி வந்தாள். சேர் அப்போதுதான் கோப்பி குடித்துவிட்டு, வாய் நிறையத் தண்ணியோடு விறாந்தையில் நின்றார்.

கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த கலண்டரை அவள் அவருக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள். அவளுடைய முகம்தான். பல் முழுக்கத் தெரிந்தது. கீழே பெரிய எழுத்து: 'கோப்பி அரைக்கும் இயந்திரம் பெற்ற தாய். எமது உதவியால் மீண்டும் மலர்ந்த சிரிப்பு.'

சேரின் கன்னம் இரண்டும் உப்பியபடியே நின்றன.

"கடையில தொங்கினதக் கேட்டு வாங்கிட்டு வந்தன் சேர்," என்றாள் அவள், அதே சிரிப்போடு. "இந்த மனிசிக்கு மெசின் குடுத்திருக்கீங்களாம். அவட வீடு எங்கயெண்டு சொல்லுங்க. இரவலா வாங்கி, இண்டைக்குரிய கோப்பியை அரைச்சிட்டுக் கொண்டுபோய்க் குடுக்கிறன்."