ரொப் டென் கசெற்

எழுபதுகளில் ரேடியோவுக்கு முன்னால் ரெக்கோடரை வைத்துப் பதிந்த முதல் பத்து ஆங்கிலப் பாட்டுகளின் 'ரொப் டென்' வரிசையைக் கேட்க, நாகேந்திரத்தின் வெள்ளவத்தை வீட்டுக்கு ஆசையாய் வந்திருந்தார் அலவி. நாகேந்திரமோ ஒரு பாட்டையும் பாடவிடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"நம்பர் வன்னையும் தாண்டிட்டீங்களே! அப்ப எதத்தான் தேடுறீங்க?"

"பொறுங்கோ." அடுத்த கசெற்றைப் போட்டார்.

பாட்டின் நடுவே, கசெற்றுக்குள்ளிருந்து ஒரு சிறுவன் கேட்டான்: "அப்பா, இதுதான் முதலாவதோ?"

உடனே ஒரு பெண்குரல்: "உஷ்! அப்பா ரெக்கோட் பண்ணுறார். கதைக்காத, தம்பி."

நாகேந்திரம் கசெற்றை நிறுத்தினார்.

"போன மாசம் செக்பொயின்றில ஆமி பிடிச்சுக்கொண்டு போன மகன்ர குரல்தான் இது. இன்னும் எங்கயெண்டு தெரியாது."

அலவி மிச்சக் கசெற்றுகளை அவர் பக்கம் நகர்த்தினார். "மத்த கசெற்றுகளையும் போடுங்க, கேப்பம்."

குசினிக்குள்ளிருந்து அதே பெண்குரல், வயதேறி வந்தது.

"மற்ற ஒண்டிலையும் அவன் கதைக்கேல்லை. சொல்வழி கேக்கிற பிள்ளை."