மெஷினுக்கு நூற்றுக்கு நூறு

"மெஷின் பாஸாயிருச்சு, ரஸீன் நானா. நூற்றுக்கு நூறு," என்றார் நிர்வாக உத்தியோகத்தர் கிருஷ்ணராஜ்.

ரஸீன் வெள்ளைப் பிரம்பை மடியில் கிடத்திக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்டி நகரத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாகத் தொலைபேசி இயக்குநர். பார்வையற்றவர்களுக்கென்று அங்கே ஒதுக்கியிருந்த ஒரேயொரு பதவி அது. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஹலோ சொல்றதுக்கு அரசாங்கம் சம்பளம் தருது. வேற ஒரு திறமையும் நம்மகிட்ட இல்ல" என்பார்.

போன திங்கட்கிழமை, அழைப்புகளுக்குத் தானே பதில் சொல்லும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து அவருடைய அறையில் பொருத்தினார்கள். ஒரு வாரம் பரீட்சை. மெஷின் தேறினால் பதவி நீக்கப்படும். அதுவரை அவர் பக்கத்தில் சும்மா இருந்தால் போதும் என்று உத்தரவு.

"வாய மூடிக்கொண்டு இருக்கணுமா? அது உங்களுக்குப் பெரிய வேலையாச்சே," என்று வீட்டில் மனைவி மஸாஹிரா சிரித்தாள்.

கிருஷ்ணராஜ் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இங்க டெலிபோன் கோல் எடுத்த எழுபது பேரை விசாரிச்சேன். மடுல்கெல்லயில ஒரு அம்மா சொல்றாங்க, தப்பான நம்பரை அழுத்தினாலும் அதுவே சரியான ஆளுக்குக் குடுக்குதாம். கலஹாவில ஒருத்தருக்கு, 'ஐயா இன்னைக்கு லீவு, வீணா பஸ் ஏறாதீங்க'ன்னு சொல்லியிருக்கு. என்ன மூளை பாருங்க."

"நல்ல மூளைதான் சேர்."

இந்த இருபத்தெட்டு வருஷத்தில் ரஸீனை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. 'இவ்வளவு நேரமா எங்க போய்த் தொலைஞ்சீங்க' என்பதுதான் வழக்கமாக அவர் காதில் விழுந்தது.

"புதன்கிழமை நானே கோல் எடுத்துப் பார்த்தேன்," கிருஷ்ணராஜ் தொடர்ந்தார். "ஒரேயொரு குறை, குரல்தான். தடிமன் பிடிச்ச மாதிரி மூக்கால பேசுது. கம்பனிக்காரங்ககிட்ட சொல்லி நல்ல குரலா மாத்தணும்."

ரஸீனுக்குச் சுருக்கென்றது.

"நீங்க பயப்படாதீங்க நானா. ரெண்டு வருஷம்தானே இருக்கு? பென்ஷன் வரைக்கும் உங்களை யாரும் தொடமாட்டாங்க. நீங்க போன பிறகு அந்தப் பதவி இருக்காது, அவ்வளவுதான். ஆட்சேபணை இல்லைன்னு இந்த இடத்தில ஒரு கையெழுத்து."

கிருஷ்ணராஜ் அவருடைய விரலைப் பிடித்துக் கடதாசியில் சரியான இடத்தில் வைத்தார்.

ரஸீனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ரெண்டு வருஷம் சும்மா இருந்து சம்பளம் வாங்குவது யாருக்குக் கசக்கும்? ஆனால் நிஷாந்தினி நினைவுக்கு வந்தாள். அவளுக்கும் பார்வை இல்லை. தொலைபேசிப் பயிற்சியை முடித்துவிட்டு மூன்று வருஷமாக வீட்டில் இருக்கிறாள். மாதம் தவறாமல் போன் எடுத்து, "அங்கிள், எப்ப பென்ஷன் போறீங்க?" என்று கேட்பாள். தான் ஓய்வு பெறுவதை இவ்வளவு ஆசையாக எதிர்பார்க்கும் ஆள் உலகத்தில் வேறு இல்லை என்று சொல்லி ரஸீன் சிரிப்பார்.

இன்று சிரிப்பு வரவில்லை. கடதாசியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"ஏன் நானா, மெஷின்ல ஏதாவது குறை கண்டீங்களா?"

"கண்டேன் சேர். சொன்னா என் மேல விசாரணை வரும். பென்ஷனும் போகலாம்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

ரஸீன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது திங்கக்கிழமை பத்து மணிக்கே செத்துப்போச்சு சேர். கண்ணு தெரியாதவன்தான் எதையோ புடுங்கிட்டான் என்டு சொல்லுவீங்களே என்டு பயந்து, அஞ்சு நாளா மூக்கால பேசினது நான்தான்."